இரண்டாவது டிக்கெட்

குடிநுழைவு அலுவலகத்தில் இருந்த மலாய்க்கார அதிகாரி கோபக்காரர் இல்லை. அதுதான் அம்சவள்ளிக்குப் பயமாக இருந்தது. பாஸ்போர்ட்டைப் புரட்டினார், முத்திரை குத்தினார், அவள் வயிற்றை ஒரு முறை பார்த்துவிட்டு மெதுவான குரலில் ஏதோ சொன்னார். திட்டியிருந்தால் காலில் விழுந்தாவது கேட்டிருக்கலாம். தன்மையாகப் பேசுகிறவரிடம் கெஞ்ச வரவில்லை.

வெளியே படிக்கட்டுக்கு வந்த பிறகுதான், எஸ்டேட்டில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் தங்கராஜு அதைத் தமிழில் சொன்னார். எஸ்டேட்டில் ஆபீஸ் விவகாரம் என்றால் எல்லாரும் அவரைத்தான் கூட்டிப் போவார்கள். அன்றைக்கு அவர் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை.

"இதான் கடைசியாம்லா. தைப்பூசம் கழிஞ்சு ஒரு வாரம் வரைக்கும்தான் பாஸ். அதுக்குள்ள இந்தப் புள்ள நாட்ட விட்டு வெளிய போயிரணும்."

"கல்யாணமானவன்னு சொன்னீங்களாண்ணே?" என்றான் அவள் கணவன் சேது.

"சொன்னேன். சர்ட்டிபிகேட் எங்கன்னு கேக்கறான். கோயில் ரசீதக் காட்டினேன். இது செல்லாதுங்கறான். ரெண்டு பேரும் இந்தியாவுக்குப் போயி, அங்க ரிஜிஸ்தர் ஆபீஸ்ல ஒண்ணா நின்னு கையெழுத்துப் போட்டு, சர்ட்டிபிகேட் வாங்கி, அந்தச் சூராட்ட வச்சு மனுப் போடணுமாம். பெர்மிட் வந்தப்புறம்தான் இவ திரும்பி வரலாம்."

"முந்நூறு பேரு வந்து அட்சத போட்டாங்கண்ணே. பந்தி மூணு தடவ விழுந்துச்சு."

"முந்நூறு பேரையும் கப்பல்ல ஏத்திட்டு வந்து இவன் முன்னால நிறுத்துவியா?" என்றார் தங்கராஜு. பிறகு, குற்றம் தன்மேல் வந்துவிடக் கூடாதே என்பதுபோல, "எம் பொண்டாட்டிய நானும் இப்படித்தான்டா கூட்டியாந்தேன். விசிட்ல வந்தா, இங்கயே மாத்திக்கிட்டோம். அந்தக் காலத்துல யாரு சர்ட்டிபிகேட் கேட்டா?" என்றார்.

சட்டம் போன வருஷமே மாறிவிட்டது. ஜெராம் சாலையிலிருந்து உள்ளே தள்ளிக் கிடந்த அந்த எஸ்டேட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. தங்கராஜு சொன்ன வழியை நம்பித்தான் சேது அவளை வெறும் விசிட் பாஸில் கூட்டி வந்திருந்தான். தாலி கட்டி, தாம்பூலம் மாற்றி, ஊரே சாப்பிட்டுப் போன கல்யாணத்துக்கு மேலே இன்னொரு காகிதம் வேண்டும் என்று துறையூர்ப் பக்கத்தில் இருந்த அவள் அப்பாவுக்கும் தோன்றவில்லை.

சுங்கை பூலோ வழியாக மூவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். இது மூன்றாவது பயணம். ஒவ்வொரு பயணத்துக்கும் சேதுவின் அன்றைய சம்பளம் போகும், மண்டோருடைய பஸ் காசும் சாப்பாடும் இவர்களுடையது, திரும்பும்போது அவர் பிள்ளைகளுக்கு ஒரு ரொட்டிப் பொட்டலம் வாங்கிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அன்றைக்கும் சேது வாங்கினான். தங்கராஜு வேண்டாம் என்று ஒரு முறை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

*

வந்த புதிதில் எதைத் தொட்டாலும் அம்சவள்ளி அதை மனத்துக்குள் ரூபாயாக மாற்றிப் பார்ப்பாள். மாற்றிப் பார்த்தால் சோறு தொண்டைக்குள் இறங்காது. அவள் அத்தையும் மாமியாருமான அன்னம்மா ஒருநாள் சொன்னாள்: "மாத்திப் பாக்காத கண்ணு. மாத்திப் பாத்தா இங்க ஒரு முட்டகோசு கூட வாங்க முடியாது. நானும் வந்த புதுசுல அப்படித்தான் அழுதேன். அப்ப நாங்க அணாவுல மாத்தினோம்."

கணக்கு எல்லாமே தலைகீழாக இருந்தது. ஊரில் கேட்டால் சும்மா கொடுக்கிற மோரும் வாழையிலையும் இங்கே காசு. ஊரில் பண்டிகைக்கு மட்டும் வருகிற சீனியும் பிஸ்கட்டும் இங்கே அன்றாடம். பசும்பால் அரிது, குழந்தைக்கும் கிழவனுக்கும் டின் பால்தான். ஜெராமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரர், கூடையில் மிஞ்சிய கெராங் சிப்பியை அள்ளிப் போட்டுவிட்டுப் போவார். அதை வேகவைத்துத் தின்ன அவள் பழகுவதற்குப் பல வாரம் ஆயிற்று. எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. ஆனால் குழாயில் தண்ணீர் காலையிலும் மாலையிலும்தான் வரும். மின்சார எஞ்சின் நின்றால் விளக்கும் நிற்கும். அரிசியும் மண்ணெண்ணெயும் சீனன் கடையில் கடன். சம்பளத்தன்று சேது ஆபீஸிலிருந்து நேராக அந்தக் கடைக்குத்தான் போவான்; வீட்டுக்கு வருவது அதன் பிறகு எஞ்சியது.

பாஸில் வந்தவளுக்கு எஸ்டேட்டில் பேர் கிடையாது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லாருடைய பேரையும் கூப்பிடும்போது அவள் ஓரமாக நிற்பாள். பிறகு சேதுவின் பின்னால், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் போவாள். அவன் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் குலையை அறுத்துத் தள்ளுவான். கீழே சிதறும் உதிரிப் பழங்களை அவள் பொறுக்கிச் சாக்கில் போடுவாள். அவள் பொறுக்கியது சேதுவின் பேரில் ஏறும்.

அந்த அரிவாளை முதன்முதலில் பார்த்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்குத்தான் அவன் வேலை என்னவென்று தெரிந்தது. கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தபோது அவன் கையில் தங்க நிறக் கடிகாரம் இருந்தது. இஸ்திரி கலையாத சட்டை போட்டிருந்தான். வீட்டுக்கு வீடு கோடாலித் தைலம், மைலோ டின், பெண்களுக்கு நைலக்ஸ் சேலை, பெரியவர்களுக்குக் கம்பளி. "மாப்பிள்ளைக்கு ஆபீஸ்லயா வேலை?" என்று அப்பா கேட்டார். சேது சிரித்தான். பொய் எதுவும் சொல்லவில்லை; சிரித்தான், அவ்வளவுதான். ஊர் அவனை ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக்கிவிட்டது. கடிகாரம் தங்கராஜுவுடையது என்பதும், அந்தச் சாமான்களுக்கான பாக்கி சீனன் கடையில் இன்னும் தீரவில்லை என்பதும் அவளுக்கு லயத்துக்கு வந்த பிறகு தெரிந்தன. அவள் அதைப் பற்றி அவனிடம் கேட்கவில்லை. ஊருக்கு எழுதிய கடிதங்களிலும் எழுதவில்லை.

*

சேதியைக் கேட்டதும் அன்னம்மா அழவில்லை. உடனே ஏற்பாட்டில் இறங்கினாள்.

"பாஸ் முடிஞ்சு போறான்னு லயத்துல ஒருத்திக்கும் தெரிய வேணாம். தலப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போறா. அவ்வளவுதான். எங்க போனாலும் இதானே மொற? இங்க பெரியாஸ்பத்திரியில வெளிநாட்டுக்காரிக்குத் தனிக் காசு கேப்பான். அதுவும் மிச்சம்."

அவள் பல மாதமாகப் போட்டுவந்த கூட்டுச் சீட்டுப் பணத்தை, மற்றப் பெண்களிடம் முறை மாற்றிக் கேட்டு முன்னதாகவே எடுத்தாள். சேது தன் பங்குக்குச் சைக்கிளை விற்றான். இரண்டு பேருக்குக் கப்பலில் கீழ்த்தட்டு டிக்கெட், பினாங்குவரை வழிச்செலவு, சேது திரும்பி வரும் காசு, துறையூரில் பதிவுக்கும் மனுவுக்கும் ஆகிற செலவு. இழுத்துப் பிடித்தால் போதும் என்று மூவரும் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்தது. அம்சவள்ளிக்கு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது. இரண்டு பேரும் போவார்கள். ஒன்றாக நின்று கையெழுத்துப் போடுவார்கள். அவன் திரும்பி வருவான். பிள்ளை பிறந்து, பெர்மிட் வந்ததும் அவளும் வந்துவிடுவாள்.

ஐந்தாம் மாதத்திலேயே வளைகாப்பு நடந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் பாய் விரித்து, ஐந்து வகைச் சோறு கட்டி, கிள்ளானிலிருந்து வாங்கிய கண்ணாடி வளையல்களை அடுக்கினார்கள். பக்கத்து வீட்டு லீலாவதி சந்தனம் பூசும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்க்கா, ஏழாம் மாசம் வரைக்கும் பொறுக்க முடியலையா? வயிறே இப்பத்தான் எட்டிப் பாக்குது."

"ஏழுல கப்பல் ஆட்டத்துக்கு ஏதாச்சும் ஆயிட்டா நீ வந்து நிப்பியா? வளையலப் போடுடி," என்றாள் அன்னம்மா.

"போடறேன், போடறேன். எனக்கென்னலா! அம்சா, ஊருக்குப் போயி எங்களையெல்லாம் மறந்துராத. சேது கூட வர்றானா? அப்ப மாப்பிள்ள மறுவீடு! சாமான் ஒரு லோரி போகும்னு சொல்லு."

பெண்கள் சிரித்தார்கள். அம்சவள்ளியும் சிரித்தாள். தூணருகே நின்ற சேது மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகம் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

*

முதலில் ஒரு டின் பிஸ்கட்தான் வந்தது. அவள் அப்பாவுக்கு என்றான் சேது. அது நியாயம்தானே என்று அவளும் நினைத்தாள். அடுத்த வாரம் அன்னம்மா தன் தம்பி பெண்டாட்டிக்கு, அதாவது அம்சவள்ளியின் அம்மாவுக்கு, ஒரு சேலை எடுத்தாள். ஒருத்திக்கு எடுத்தால் சித்திக்கு? சித்திக்கு எடுத்தால் அவள் மாமியாருக்கு? கோலசிலாங்கூர் கடைத்தெருவிலிருந்து சேது திரும்பும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கையில் ஒவ்வொரு முறையும் பொட்டலம் பெரிதாகிக்கொண்டே போனது. தைலம் ஒரு பெட்டி. டார்ச் லைட். கைலிகள். மைலோ. பிறகு ஒருநாள் தச்சு வேலை தெரிந்த ஒருவரிடம் சொல்லி, தாழ்ப்பாள் வைத்த பலகைப் பெட்டியே செய்து வந்துவிட்டான். வீட்டின் முன்னறையில் பாதியை அது அடைத்துக்கொண்டது.

டிக்கெட் எடுக்கப் பினாங்கு ஏஜெண்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய வாரத்தில், குலை வெட்டும் இடத்தில் வைத்து அவள் கேட்டாள். காலை வெயில் மட்டைகளுக்கிடையே இன்னும் இறங்காத நேரம்.

"பணம் அனுப்பிட்டீங்களா மாமா?"

"அனுப்பிட்டேன்." அண்ணாந்து குலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேருக்குமா?"

குலை தொப்பென்று விழுந்தது. பழங்கள் சிதறி அவள் காலடிவரை உருண்டன. அவன் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"உனக்கு மட்டும் எடுத்தேன் அம்சா. நான் அடுத்த போனஸுக்கு வர்றேன். அதுக்குள்ள பிள்ளையும் பொறந்துரும். அப்ப வந்து கையெழுத்துப் போட்டா ஆச்சு."

அவள் பொறுக்குவதை நிறுத்தவில்லை. கை தானாகப் பொறுக்கியது.

"சாமான் வேணாம் மாமா. பெட்டியோட கடைக்கே திருப்பிக் குடுத்துருங்க. கடைக்காரத் தவுக்கே பாதி விலைக்கு எடுத்தாக்கூடப் போதும். நீங்க வாங்க."

"வெறுங்கையோடயா?"

"ஆமா. வெறுங்கையோடதான். எங்கப்பா உங்கள என்ன கேட்டாரு?"

"உங்கப்பா கேக்க மாட்டாரு. ஊரு கேக்கும். மலாயாவுலருந்து மாப்பிள்ள வந்திருக்கான், ஒரு தைலப் புட்டிக்கு வழியில்லன்னு உங்க சித்தப்பன் டீக்கடையில உக்காந்து சொல்வான். நான் எந்த மொகத்தோட அந்தத் தெருவுல நடப்பேன்? போன தடவ எப்படி வந்தேன்! ஊரே பாத்துச்சு."

"நீங்க குலை வெட்டறவர்னு நானே சொல்லிடறேன். அதுல என்ன வெக்கம்? எங்கப்பா என்ன கலெக்டரா?"

அவன் சட்டென்று அவளைப் பார்த்தான். அவள் அந்தப் பேச்சை எடுத்தது இதுதான் முதல் தடவை.

"சொல்லுவியா?"

ஒரு மட்டையின் முள் உள்ளங்கையில் ஏறியிருந்தது, அதைப் பிடுங்கினாள்.

"எங்க தெருவுல நல்லம்மாள்னு ஒருத்தி இருக்கா," என்றாள். "மலாயாக்காரின்னுதான் கூப்பிடுவோம். அவ மலாயாவ ஒரு நாள் கூடப் பாத்ததில்ல. புருசன் இங்கருந்து வந்து கட்டிக்கிட்டு, கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாரு. அவ வீட்டு அலமாரியில மைலோ டின்னு வரிசையா இருக்கும். நான் சின்னப் பிள்ளையில அதப் பாக்கறதுக்குன்னே போவேன். இப்ப அதுல துவரம்பருப்பு போட்டு வச்சிருக்கா."

"நான் அந்த மாதிரி ஆளா? சொல்லு."

"அவரும் அந்த மாதிரி ஆள் இல்ல மாமா. நல்ல மனுசன்தான். வெறுங்கையோட வரக் கூடாதுன்னு இன்னும் எங்கயாச்சும் சாமான் சேத்துட்டு இருப்பாரு."

சேது கம்பை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனான். அன்றைக்கு அவர்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் பழம் எடுத்தார்கள். லோரி வரும்வரை இருவரும் நிமிரவில்லை.

அன்று மாலை அவள் அத்தையிடம் முறையிட்டாள். அன்னம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும், "நான் வந்து முப்பது வருசம் ஆச்சு கண்ணு. ஒரே ஒரு தடவதான் ஊருக்குப் போனேன். அம்மா செத்ததுக்கு," என்றாள். "ஏன் போகலன்னு நெனைக்கற? டிக்கெட்டுக்கு இல்லாமயா? எப்பவும் டிக்கெட்டுக்கு இருந்துச்சு. சாமானுக்குத்தான் இல்ல." தண்ணீரை வடித்தாள். "அவன் சொல்றதும் நியாயந்தான்."

*

புறப்படுகிற அன்று சேது பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டால் எழுதினான். அம்சவள்ளி, அவள் அப்பா பேர், தெரு, துறையூர் தாலுகா. எழுத்து ஒழுங்காக வர வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டு எழுதினான். லயத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். இரண்டு ஆள் சேர்ந்தும் தூக்க முடியாமல் நாலு பேராகத் தூக்கி எஸ்டேட் லோரியில் ஏற்றினார்கள். பெட்டி ஏறியதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. லீலாவதி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"போறதுன்னா இப்படிப் போகணும்லா! சேது, அன்னம்மாக்காவுக்குப் பேரு வாங்கிக் குடுத்துட்டடா." அம்சவள்ளியின் கையைப் பிடித்து, "பிள்ளையோட வா. ரொம்ப நாள் தங்கிராத, அங்கயே பழகிரும்," என்றாள்.

"வந்துர்றேன்க்கா," என்றாள் அம்சவள்ளி.

தங்கராஜு வேலியோரம் நின்று கையை மட்டும் உயர்த்தினார்.

கோலசிலாங்கூரில் வடக்கே போகும் பஸ்ஸைப் பிடித்தார்கள். பெட்டியைக் கூரைமேல் ஏற்றிக் கட்ட டிரைவர் தனிக் காசு கேட்டார். சேது பேரம் பேசாமல் கொடுத்தான். அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துத் தன் துண்டை மடித்து முதுகுக்கு வைத்தான். பட்டர்வொர்த்வரை கூட வந்து, படகில் பினாங்குக்குக் கடந்து, கப்பலேற்றிவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. இரண்டு நாள் சம்பளம். அதை அவன் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

அவள் இந்தப் பயணத்தில் அவனிடம் பேச நிறைய வைத்திருந்தாள். பிள்ளைக்கு என்ன பேர், பிறந்த சேதியைத் தந்தியில் சொல்வதா கடிதத்தில் சொல்வதா, போனஸ் எந்த மாதம், அதில் கடைக்குக் கொடுத்தது போக எவ்வளவு மிஞ்சும். தஞ்சோங் காராங் தாண்டியதும் ஆரம்பிக்கலாம் என்று இருந்தாள். பஸ் அங்கே நின்றது. சேது இறங்கிப் போய் அண்ணாந்து கயிற்றைப் பார்த்துவிட்டு வந்தான்.

"கட்டு சரியா இருக்கு."

"ம்."

சுங்கை பஞ்சாங் பக்கம் சாலையின் ஒரு புறம் முழுக்க நெல்வயல். அறுவடை முடிந்து தாள் எரிந்து கரிந்து கிடந்தது. சேது கழுத்தை வளைத்துக் கூரையைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தான். பஸ் நின்ற இடத்திலெல்லாம் இறங்கினான். யாராவது கூரைமேல் சைக்கிளோ கோழிக்கூடையோ ஏற்றினால், அது பெட்டியின்மேல் சாயாமல் நகர்த்தி வைக்கச் சொல்லிக் கத்தினான். அவன் திரும்பி வந்து உட்காரும்போதெல்லாம் அவள் பேச வாயெடுப்பாள். அதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும்.

சபாக் பெர்ணம் நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பெருமழை. எல்லாரும் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார்கள். சேது எழுந்து முன்னால் ஓடி, டிரைவரிடம் ஏதோ கெஞ்சினான். பஸ் ஓரமாக நின்றது. பின்னால் ஏணியில் அவன் ஏறுவது கேட்டது. தலைக்கு மேலே தகரத்தில் அவன் கால்கள் அங்குமிங்கும் நடந்தன; பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கட்டுகிற சத்தம். "ஒரு பெட்டிக்கா இவ்வளவு பாடு?" என்று பின் சீட்டில் ஒரு கிழவி சலித்துக்கொண்டாள்.

அம்சவள்ளி பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தாள்.

அவன் வந்து உட்கார்ந்தபோது தலையிலிருந்தும் சட்டையிலிருந்தும் தண்ணீர் சொட்டி அவள் சேலை நனைந்தது. அவன் முகத்தில் அன்று முழுவதும் இல்லாத நிம்மதி இருந்தது.

"ஒண்ணும் நனையல அம்சா," என்றான்.

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.